முதல் தேர்வு மட்டையாளருக்கா, பிட்ச்சருக்கா? பால்டிமோர் ஓரியோல்ஸ் பற்றி ஒரு விவாதம்

வாசகர் கேள்வி, 3 ஜூலை 2025

பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணியின் பொறுப்பை மைக் எலையஸ் 2018 நவம்பரில் ஏற்றார். அதன் பிறகு நடந்த எந்த டிராஃப்டிலும் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு) முதல் சுற்றில் அவர் ஒரு பிட்ச்சரைக்கூட எடுக்கவில்லை. இன்று அணி தன் பிரிவின் அடியில் கிடக்கிறது, பந்தெறிய உருப்படியான ஆளில்லை. அடுத்த டிராஃப்டுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது. இந்த முறையாவது ஒரு பிட்ச்சரை எடுக்காவிட்டால் அது பிடிவாதம் என்றுதான் சொல்வேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

4 ஜூலை 2025

மறுக்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பந்துவீச்சாளர் என்று எழுதினால் நம்மில் பலருக்குக் கிரிக்கெட் நினைவு வந்து, ஓடிவந்து வீசுபவர் கண்முன் நிற்கிறார். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்தே முழங்கையையும் தோளையும் முறுக்கி எறிகிறார்கள், அந்த முறுக்குதான் இந்த விவாதத்தின் மையம். ஆகவே பிட்ச்சர் என்றே எழுதுகிறேன்.

பிட்ச்சர்களுக்கு முதல் சுற்றைச் செலவிட்டால் என்ன ஆகும் என்பதை இதே ஓரியோல்ஸ் அணியே நமக்குக் காட்டியிருக்கிறது. 2008-இல் நான்காவது தேர்வாக பிரையன் மட்டூஸ், 2011-இல் நான்காவதாக டிலன் பண்டி, 2012-இல் மறுபடி நான்காவதாக கெவின் காஸ்மன், 2013-இல் 22-ஆவதாக ஹன்டர் ஹார்வி என எல்லோரும் பிட்ச்சர்கள். மட்டூஸ் முதல்தரத் தொடக்கப் பிட்ச்சராக நிலைக்காமல், ஆட்டத்தின் நடுவில் வந்து எறியும் இடைநிலைப் பிட்ச்சராகவே முடிந்தார். பண்டிக்கு 2013-இல் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, அதாவது தசைநாரை மாற்றிப் பொருத்தும் சிகிச்சை, நடந்தது. ஹார்விக்கும் பிறகு அதே சிகிச்சை நடந்தது. காஸ்மன் பெரிய பிட்ச்சர் ஆனார் என்பது உண்மை, ஆனால் சான்பிரான்சிஸ்கோவுக்கும் டொரான்டோவுக்கும் போன பிறகுதான் ஆனார். நடுவில் 2010-இல் மூன்றாவதாக எடுத்த ஒரே மட்டையாளர் மேனி மச்சாடோ, அந்தக் கூட்டத்தில் பால்டிமோருக்காகவே நின்று விளையாடிய நட்சத்திரமும் அவர்தான்.

அடுத்து வந்த எலையஸ் 2019-இல் முதல் தேர்வாக, எதிரணி மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் ஆட்லி ரட்ச்மனையும், முதல் சுற்றிலேயே கன்னர் ஹென்டர்சனையும் எடுத்தார். 2020-இல் ஹெஸ்டன் ஜெர்ஸ்டாட், 2021-இல் கோல்டன் கவுசர், 2022-இல் மறுபடி முதல் தேர்வாக ஜாக்சன் ஹாலிடே, எல்லோரும் மட்டையாளர்கள். 2021-இல் 110 ஆட்டங்களில் தோற்ற அணி 2023-இல் 101 ஆட்டங்களை வென்றது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

4 ஜூலை 2025, இரவு

திருத்தம். ஹென்டர்சன் முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர் அல்லர், இரண்டாம் சுற்றில் 42-ஆவதாக எடுக்கப்பட்டவர். என் வாதத்துக்கு அது இன்னும் வசதியாகவே இருக்கிறது என்பதைக் கூச்சத்துடன் குறிப்பிடுகிறேன்.

5 ஜூலை 2025

பால் ஸ்கீன்ஸை மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்கவில்லை. 2023-இல் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அவரை முதல் தேர்வாக எடுத்தது. ஓராண்டுக்குள் மேல்நிலை லீகுக்கு வந்தார், 2024-இல் நேஷனல் லீகின் சிறந்த புதுமுக வீரராகவும் தேர்வானார். அப்படி ஒருவர் கையில் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்பவன் நானும் அல்லன். ஆனால் அவர் எறியும் பைரட்ஸ் அணி இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தொடக்கப் பிட்ச்சர் ஐந்து நாளுக்கு ஒருமுறை எறிகிறார், மற்ற நான்கு நாளும் வேலியில் சாய்ந்து விதை கொறிக்கிறார். மட்டையாளரோ நாள்தோறும் நான்கைந்து முறை மட்டை பிடிக்கிறார், களத்தடுப்பிலும் நிற்கிறார்.

6 ஜூலை 2025

முழங்கை பற்றி எழுதாமல் நேற்று நிறுத்திவிட்டேன். எனக்கு அது புள்ளிவிவரம் சார்ந்த விஷயமாக இல்லை, அதனால்தான் தயங்கினேன்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மேரிலாந்தில் நாங்கள் இருக்கும் பகுதியின் சிறுவர் லீகில் இரண்டு ஆண்டாகப் பிட்ச் செய்கிறான். அந்த வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துகள்தான் உச்சவரம்பு என்ற விதி இருக்கிறது, 66-க்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வும் கட்டாயம். விதியைத் தாளில் படித்தபோது எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். வார நாள்களில் லீகுக்காகவும், வார இறுதியில் வேறொரு பயணக் குழுவுக்காகவும் அவன் எறிந்ததை இரண்டு பயிற்சியாளர்களும் தனித்தனியாக எண்ணினார்கள். கூட்டிப் பார்க்க வேண்டியவன் நான்தான், ஆனால் அவன் ஆட்டமிழக்கச் செய்த மட்டையாளர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். போன ஏப்ரலில் ஒருநாள் காலை பல் துலக்கும்போது இடது கையால் துலக்கினான். ஏன் என்று கேட்டபோது, வலது கை மேலே வர மாட்டேன் என்கிறது என்று சாதாரணமாகச் சொன்னான். தசைநார் கிழியவில்லை, வெறும் அழற்சிதான் என்று மருத்துவர் சொல்லும்வரை எனக்கு மூச்சு இறங்கவில்லை.

டிராஃப்டில் பதினெட்டு வயதில் நிற்கும் ஒவ்வொரு பிட்ச்சரும் இப்படிப் பத்தாண்டு எறிந்துவிட்டுத்தான் அங்கே வந்து நிற்கிறார். அணி வாங்குவது ஏற்கெனவே தேய்ந்த ஒரு முழங்கையை. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான் வெளியே தெரிவதில்லை. 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலாக டாமி ஜானுக்கு அந்தத் தசைநாரை மாற்றிப் பொருத்தினார். அன்று அதிசயமாகப் பேசப்பட்ட சிகிச்சை இன்று பிட்ச்சர்களின் வாழ்க்கைக் குறிப்பில் பட்டப்படிப்பைப் போல இடம்பெறுகிறது.

7 ஜூலை 2025

எலையஸ் ஏன் இப்படி ஆனார் என்பதற்குச் சொந்தக் காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பிரிவுக்கு அவர் தலைவராக இருந்தபோதுதான் 2013-இல் முதல் தேர்வாக ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஆப்பெல் எடுக்கப்பட்டார். அந்த ஆண்டு அடுத்த தேர்வில் சிகாகோ கப்ஸ் எடுத்தவர் கிரிஸ் பிரையன்ட். ஆப்பெல் ஹூஸ்டனுக்காக மேல்நிலையில் ஒரு பந்துகூட எறியவில்லை. இடையில் ஆட்டத்தையே விட்டு விலகி, திரும்பி வந்து, முப்பதாவது வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்காக முதல் ஆட்டம் ஆடினார். 2014-இல் மறுபடி முதல் தேர்வு கிடைத்தது, மறுபடி ஒரு பிட்ச்சர், பள்ளி மாணவர் பிரேடி ஐக்கன். மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநார் பற்றிச் சந்தேகம் எழுந்து, பேசிய தொகை குறைக்கப்பட்டு, ஒப்பந்தமே நடக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் அந்த முழங்கைக்குச் சிகிச்சை நடந்தது. அவர் மேல்நிலைக்கு வரவே இல்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். இந்தப் பூனை அடுத்தடுத்து இரண்டு ஆண்டு சூடு கண்டிருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஐக்கன் கையெழுத்திடாததற்கு ஈடாக 2015-இல் கிடைத்த இரண்டாவது தேர்வில்தான் ஹூஸ்டன் அலெக்ஸ் பிரெக்மனை எடுத்தது. அவர் மட்டையாளர்.

9 ஜூலை 2025

இரண்டு நாள் எழுதவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். நான் முதலில் எழுதியதில் ஓர் ஓட்டை இருக்கிறது. யாரும் சுட்டிக்காட்டாததால் நானே சொல்லிவிடுகிறேன்.

மட்டையாளர்களை எடு, பிட்ச்சர்களை வெளியிலிருந்து கொண்டுவா என்பதுதான் முழுத் திட்டம். முதல் பாதியை மட்டும் நான் புகழ்ந்திருக்கிறேன். சிகாகோவில் தியோ எப்ஸ்டைன் இரண்டு பாதியையும் செய்தார். பிரையன்ட், கைல் ஸ்வார்பர், இயன் ஹாப் என முதல் சுற்றில் மட்டையாளர்களை அடுக்கிய அதே வேளையில், டெக்சாஸிலிருந்து கைல் ஹென்ட்ரிக்ஸை வாங்கினார், ஜான் லெஸ்டருக்கு ஆறு ஆண்டுக்கு 155 மில்லியன் டாலர் கொடுத்தார், பால்டிமோரிலிருந்து ஜேக் அரியெட்டாவைக் கிட்டத்தட்ட இலவசமாக அள்ளிக்கொண்டு போனார். 2016-இல், 1908-க்குப் பிறகு முதன்முறையாக, கப்ஸ் உலகத் தொடரை வென்றது.

அரியெட்டா என்ற பெயர் பால்டிமோர் ரசிகனுக்கு இன்றும் உறுத்தும். நாங்களே டிராஃப்ட் செய்தவர், எங்களிடம் இருந்தவரை அவரது ஈஆர்ஏ 5.46. புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக ஒரு பிட்ச்சர், களத்தடுப்புத் தவறுகளால் வந்தவை நீங்கலாக, விட்டுக்கொடுக்கும் ஓட்டங்களின் கணக்கு அது, குறையக் குறைய நல்லது. சிகாகோ போய் இரண்டே ஆண்டில், 2015-இல், அது 1.77 ஆயிற்று, சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதும் கிடைத்தது. ஆக, பிட்ச்சரை எடுக்கத் தெரிவது ஒன்று, எடுத்தவரைச் சரிசெய்யத் தெரிவது இன்னொன்று. 4-ஆம் தேதி நான் பண்டியையும் மட்டூஸையும் காட்டி பிட்ச்சர்கள் உருப்படமாட்டார்கள் என்று சாதித்தேனே, அது பாதி நியாயம்தான். எங்கள் ஊரில் அவர்களை உருப்படியாக வளர்க்கத் தெரியவில்லை என்பதும் அதே சான்றுகளிலிருந்து கிடைக்கும் முடிவுதான்.

10 ஜூலை 2025

அப்படியானால் இரண்டாம் பாதியை எலையஸ் செய்யவில்லையா என்று கேட்கிறீர்கள். பெரிதாக ஒருமுறை செய்தார். 2024 பிப்ரவரியில் மில்வாக்கியிலிருந்து கார்பின் பர்ன்ஸை வாங்கினார். அந்த ஆண்டு பர்ன்ஸ் 15 வெற்றி, 2.92 ஈஆர்ஏ. அக்டோபர் முதல் தேதி கான்சஸ் சிட்டிக்கு எதிரான வைல்ட் கார்டு (பருவத்துக்குப் பிந்தைய முதல் சுற்று) ஆட்டத்தை எங்கள் மைதானமான கேம்டன் யார்ட்ஸின் மேல் அடுக்கிலிருந்து பார்த்தேன். எட்டு இன்னிங்ஸையும் தாண்டி எறிந்து ஒரே ஓட்டம் கொடுத்தார். நாங்கள் 1–0 என்று தோற்றோம். மறுநாள் 2–1. பொத்திப் பொத்தி வளர்த்த மட்டையாளர்கள் இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது ஒரு ஓட்டம்! இரண்டு நாளும் வெற்றி ஓட்டத்தை அடித்துக் கொடுத்தவர் பாபி விட் ஜூனியர், அதாவது 2019-இல் ரட்ச்மனுக்கு அடுத்ததாக, இரண்டாவது தேர்வாக எடுக்கப்பட்டவர். முதல் நாள் எங்களை அடக்கிய கோல் ராகன்ஸ் முழங்கையில் இரண்டு முறை கத்தி வைக்கப்பட்ட பிட்ச்சர்.

அன்று இரவு ரயிலுக்காகக் காத்து நின்றபோது, இந்தத் தோல்வியிலிருந்து எந்தக் கட்சிக்கு வாதம் எடுப்பது என்று எனக்கே விளங்கவில்லை. இன்றும் விளங்கவில்லை.

டிசம்பரில் பர்ன்ஸ் ஆறு ஆண்டு, 210 மில்லியன் டாலர் என்று அரிசோனாவுக்குப் போய்விட்டார். அவர் இடத்தை நிரப்ப 41 வயது சார்லி மார்ட்டனையும், ஜப்பானிலிருந்து 35 வயது டொமொயுகி சுகானோவையும் ஓராண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். மார்ட்டன் ஏப்ரலில் வாங்கிய அடியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மே மாதம் 15 வெற்றி, 28 தோல்வி என்ற நிலையில் மேலாளர் பிரான்டன் ஹைடை நீக்கினார்கள். பர்ன்ஸை விட்டதுதான் பாவம் என்று நானும் கத்தியவன். போன மாதம் பர்ன்ஸுக்கே டாமி ஜான் சிகிச்சை நடந்துவிட்டது.

11 ஜூலை 2025

சிறு குறிப்பு. மட்டையாளருக்குக் காயமே வராது என்று நான் எழுதியதாக யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெர்ஸ்டாட் டிராஃப்டான கையோடு இதயத் தசை அழற்சியால் 2021 பருவம் முழுவதையும் இழந்தார். போன ஜூலையில் பந்து அவர் தலைக்கவசத்தில் பட்டது. ஹாலிடேக்குக் காயம் இல்லை, ஆனால் 2024 ஏப்ரலில் மேலே வந்து 34 முறைக்கு இரண்டே முறை அடித்துவிட்டுக் கீழே அனுப்பப்பட்டார். இவர்களில் எவரும் அதனால் காணாமல் போகவில்லை என்பதுதான் வேறுபாடு.

13 ஜூலை 2025, நள்ளிரவு

இன்று நடந்ததை யாராவது புனைந்து எழுதியிருந்தால் மிகையென்று தள்ளியிருப்பேன்.

மாலையில் டிராஃப்ட். பகலில் கேம்டன் யார்ட்ஸில் மயாமி மார்லின்ஸுடன் ஆட்டம். அதில் மயாமியின் கைல் ஸ்டவர்ஸ் மூன்று ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே அனுப்பும் அடி) அடித்தார். இந்த ஸ்டவர்ஸ் யார்? 2019-இல் எலையஸ் எடுத்த மட்டையாளர். இவரையும் 2021-இல் எடுத்த கானர் நார்பியையும் போன ஜூலையில் மயாமிக்குக் கொடுத்துத்தான் ட்ரெவர் ராஜர்ஸ் என்ற இடக்கைப் பிட்ச்சரை வாங்கினார்கள். ராஜர்ஸ் வந்து நான்கு ஆட்டம் எறிந்தார், ஈஆர்ஏ 7.11, கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். ஸ்டவர்ஸ் இந்த வாரம் நட்சத்திர வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குப் போகிறார். மட்டையாளரைக் கொடுத்துப் பிட்ச்சரை வாங்கு என்று 9-ஆம் தேதி நான் பக்கம் பக்கமாக எழுதிய இரண்டாம் பாதி இதுதான்! ராஜர்ஸ் இந்தக் கோடையில் சில ஆட்டங்கள் நன்றாக எறிந்திருக்கிறார், ஆனால் சிலவற்றை நம்பி ஏமாந்த அனுபவம் எனக்கு நிறைய உண்டு. எழுத்தில் வைக்கிறேன்: இது எலையஸ் செய்த மிக மோசமான பரிமாற்றம்.

பிறகு டிராஃப்ட். 19-ஆவது தேர்வில் ஓரியோல்ஸ் எடுத்தவர் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஐக் ஐரிஷ், மட்டையாளர். 30-ஆவதில் கேடன் போடைன், கேட்சர். 31-ஆவதில் வெஹிவா அலாய், ஷார்ட்ஸ்டாப், அதாவது உள்களத்தவர். 37-ஆவதில் ஸ்லேட்டர் டி புருன், வெளிக்களத்தவர். கேள்வி கேட்ட நண்பரே, உங்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

14 ஜூலை 2025

தூங்கி எழுந்ததும் நேற்றைய குறிப்பின் சூடு கொஞ்சம் தணிந்திருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்களான வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் தேர்வில் ஏலை வில்லிட்ஸை எடுத்திருக்கிறார்கள், 17 வயது ஷார்ட்ஸ்டாப். அவர்களுக்கும் பழைய பாடம் ஒன்று உண்டு. 2009-இல் முதல் தேர்வு பிட்ச்சர் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க், 2010-இல் முதல் தேர்வு மட்டையாளர் பிரைஸ் ஹார்ப்பர். நம் விவாதத்துக்கென்றே யாரோ ஏற்பாடு செய்ததைப் போன்ற சோதனை இது.

ஸ்ட்ராஸ்பர்க் முதல் ஆட்டத்தில் 14 பேரை ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பு) செய்தார், அதே ஆண்டு முழங்கை போயிற்று. ஹார்ப்பர் ஆண்டுதோறும் அடித்தார், 2019-இல் 13 ஆண்டு ஒப்பந்தத்தோடு ஃபிலடெல்ஃபியா போனார். அவர் போன அதே ஆண்டில்தான் வாஷிங்டன் உலகத் தொடரை வென்றது. தொடரின் சிறந்த வீரர் யார்? ஸ்ட்ராஸ்பர்க். அந்த வெற்றியின் மகிழ்ச்சி அடங்குவதற்குள் அவருக்கு ஏழு ஆண்டுக்கு 245 மில்லியன் கொடுத்தார்கள். அதன் பிறகு அவர் எறிந்தது எட்டே ஆட்டம்.

இதை வைத்து எந்தக் கட்சிக்காரரும் வெல்ல முடியாது. ஆனால் பிட்ச்சரிடமிருந்து அணி பெறுவது அவரது இளம் ஆண்டுகளில்தான், விலை கொடுப்பதோ பெரும்பாலும் அதன் பிறகுதான் என்பது தெரிகிறது. அப்படியானால் பிட்ச்சரை விலைக்கு வாங்காமல் டிராஃப்டில் எடுப்பதே மலிவு என்ற வாதம் எழுகிறது. ஐயோ, நான் எதிர்க்கட்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

17 ஜூலை 2025

மைதானத்தின் இடதுபுறச் சுவரைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 2022-க்கு முன் அதைப் பின்னே தள்ளி 13 அடி உயரமாக்கினார்கள், ஹோம் ரன் மலிந்த மைதானம் என்ற பெயர் போகவேண்டும் என்று. வலக்கை மட்டையாளர்கள் புலம்பினார்கள். இந்த ஆண்டு மறுபடி ஓரளவு முன்னே இழுத்துவிட்டார்கள். மட்டையாளர்களை எடுத்துவிட்டு அவர்களுக்கு எதிராகச் சுவர் எழுப்பிய அணி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1 ஆகஸ்ட் 2025

பரிமாற்றக் கெடு நேற்றோடு முடிந்தது. எங்கள் மட்டையாளர்கள் செட்ரிக் மல்லின்ஸ், ரயன் ஓஹெர்ன், ரமோன் லாரியானோ எல்லோரும் போய்விட்டார்கள். மார்ட்டனும் டெட்ராய்ட் போனார். மல்லின்ஸுக்கு ஈடாக நியூயார்க் மெட்ஸ் கொடுத்தது மூன்று பேர், மூவரும் பிட்ச்சர்கள். என் மகன் மல்லின்ஸ் பெயர் போட்ட சட்டையை இன்று வேண்டுமென்றே அணிந்துகொண்டு பயிற்சிக்குப் போனான்.

இதைப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. 2023-லும் 2024 தொடக்கத்திலும் எங்கள் கீழ்நிலை அணிகளில் மட்டையாளர்கள் இடமில்லாமல் நெரிந்து நின்றார்கள். அப்போது அவர்களுக்குச் சந்தையில் நல்ல விலை இருந்தது. பர்ன்ஸுக்காக ஜோயி ஓர்டிஸைக் கொடுத்ததைத் தவிர மற்றவர்களைப் பெரும்பாலும் எலையஸ் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விதைநெல்லைச் சேர்த்தவர் விதைக்க மனம் வராமல் குதிரிலேயே வைத்திருந்தார். 2024 கோடையில் எங்கள் பிட்ச்சர்கள் கைல் பிராடிஷ், ஜான் மீன்ஸ், டைலர் வெல்ஸ் மூவரின் முழங்கையும் அடுத்தடுத்துப் போன பிறகு, நெருக்கடியில் அந்தக் குதிரின் வாயைத் திறந்தார். என் குறை டிராஃப்ட் மேல் இல்லை, இந்தத் தாமதத்தின் மேல்தான். கேள்வி கேட்டவர் பிடிவாதம் என்று எழுதியது சரியான சொல், ஆனால் அதை ஜூலை மாத டிராஃப்டில் தேடாமல் டிசம்பர் மாதப் பேரங்களில் தேடியிருக்க வேண்டும்.

மச்சாடோவை 2018-இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொடுத்தபோது வந்த ஐவரில் ஒருவரான டீன் கிரெமர் இன்றும் எங்களுக்காக எறிகிறார். அது எலையஸ் வருவதற்கு முன் நடந்த பேரம்.

28 ஆகஸ்ட் 2025

பிராடிஷ் சிகிச்சை முடிந்து திரும்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை பாஸ்டனுக்கு எதிராக ஆறு இன்னிங்ஸ், பத்து ஸ்ட்ரைக் அவுட். ஆட்டத்தில் தோற்றோம், ஆனாலும் எழுந்து நின்று கைதட்டினேன். இவரும் டிராஃப்டில் நாங்கள் எடுத்தவர் அல்லர். நாங்கள் நான்காவது தேர்வைச் செலவிட்ட பண்டியை 2019 டிசம்பரில் ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்தபோது கிடைத்தவர்களில் ஒருவர். ஆக, அந்த 2011 தேர்வு சுற்றிச் சுழன்று இங்கேதான் வந்து நிற்கிறது. 4 ஜூலை குறிப்பில் பண்டியை நட்டக் கணக்கில் எழுதியவர்கள் அதைக் கொஞ்சம் அடித்துத் திருத்திக்கொள்ளவும். நானும் திருத்திக்கொள்கிறேன்.

29 செப்டம்பர் 2025

பருவம் முடிந்தது. 75 வெற்றி, 87 தோல்வி, பிரிவில் கடைசி இடம்.

13 ஜூலை நள்ளிரவில் எழுதியதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ட்ரெவர் ராஜர்ஸ் இந்த ஆண்டு 18 ஆட்டங்களில் எறிந்து 1.81 ஈஆர்ஏயோடு முடித்திருக்கிறார். அணியில் மற்றவர்கள் எறிந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எண்ணின் அருமை தெரியும். மயாமியில் ஸ்டவர்ஸ் 25 ஹோம் ரன் அடித்துவிட்டு ஆகஸ்ட் நடுவில் விலாத்தசைக் காயத்தோடு பருவத்தை முடித்துக்கொண்டார். காயமடைந்தவர் மட்டையாளர், முழுசாக நிற்பவர் பிட்ச்சர். மிக மோசமான பரிமாற்றம் என்று எழுதிய வரியை அழித்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு அப்படியே விட்டுவிட்டேன். அடுத்த மார்ச்சில் ராஜர்ஸின் முழங்கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மறுபடி பயன்படுத்திக்கொள்ளலாம்.